எட்வர்டு ராபின்சன் ஸ்குவிப்

எட்வர்டு ராபின்சன் ஸ்குவிப் (சூலை 4, 1819 – அக்டோபர் 25, 1900) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மருத்துவரும் மருந்து வேதியியலாளரும் ஆவார். அறுவை மருத்துவத்தில் மயக்க மருந்தாகப் பயன்பட்ட ஈதரை எப்பொழுதும் ஒரே தூய்மையுடன் வடித்தெடுக்கும் முறையை 1850களின் நடுப்பகுதியில் உருவாக்கியமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். அம்முறைக்குக் காப்புரிமை பெறாது, அதன் முழு விவரத்தையும் 1856 இல் மருந்தியல் இதழொன்றில் வெளியிட்டு அனைவருக்கும் பொதுவாக்கினார். 1858 இல் புரூக்ளினில் இவர் தொடங்கிய ஆய்வகமே பின்னர் ஸ்குவிப் மருந்து நிறுவனமாக வளர்ந்தது.

நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தும் மருந்து, ஆலையிலிருந்து புறப்பட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படியே அறுவை மேசையருகே திறக்கப்படும் நாளிலும் இருக்க வேண்டும் என்பது இன்று இயல்பான எதிர்பார்ப்பு. ஸ்குவிப் மருத்துவம் பயின்ற காலத்தில் அத்தகைய எதிர்பார்ப்பு எவருக்கும் இருக்கவில்லை எனலாம். ஒரே கடையில் ஒரே பெயரில் வாங்கிய இரண்டு புட்டிகள் இரண்டு வெவ்வேறு மருந்துகளைப் போல நடந்துகொண்டன. இந்நிலையை மாற்றுவதிலேயே இவருடைய வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது.

இளமையும் கல்வியும்

ஸ்குவிப் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த குடும்பமொன்றில் பிறந்தார். குவேக்கர்கள் போரையும் படைப்பணியையும் ஏற்காதவர்கள். எளிய உடை, ஆணையிடாமலேயே உண்மை பேசுதல், வணிகத்தில் பேரம் இல்லாத ஒரே விலை ஆகியவற்றைக் கடைப்பிடித்தவர்கள். இவர்களுள் பலர் அக்காலத்தில் பிலடெல்பியா வட்டாரத்தில் மருந்து வணிகத்தில் ஈடுபட்டிருந்தனர். ஸ்குவிப் தமது பன்னிரண்டாம் வயதில் தாயை இழந்தார். அதன்பின் குடும்பம் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தது.

1837 இல், பதினெட்டு வயதில், அந்நகரின் மருந்துக் கடையொன்றில் தொழில் பயிலச் சேர்ந்தார். வேர்களையும் பட்டைகளையும் இடிப்பது, ஊறவைத்து வடிப்பது, களிம்பு குழைப்பது ஆகியனவே அப்போதைய மருந்தாளர் பயிற்சி. ஐந்து ஆண்டுகள் இவ்வாறு உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு 1842 இல் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1845 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இரண்டு ஆண்டுகள் பிலடெல்பியாவில் மருத்துவராகப் பணிபுரிந்ததுடன் கல்லூரியிலும் சில பொறுப்புகளை வகித்தார். மருத்துவர்களுள் பலர் மருந்தை எழுதித் தருவதோடு நின்றுவிட, ஸ்குவிப் மருந்தைத் தம் கையால் செய்து பழகிய பின்னரே மருத்துவரானவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்த இடைக்காலத்தில்தான், 1846 அக்டோபர் 16 அன்று, பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதர் ஆவியைக் கொண்டு நோயாளி ஒருவரை மயக்கமுறச் செய்து காட்டினார். வலியற்ற அறுவை என்னும் செய்தி சில மாதங்களில் அத்திலாந்திக் பெருங்கடலின் இரு கரைகளிலும் பரவியது. அடுத்த ஆண்டே எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் குளோரோபார்மை அறிமுகப்படுத்தினார்.

கடற்படையில்

1847 இல் ஸ்குவிப் ஐக்கிய அமெரிக்கக் கடற்படையில் துணை அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். அப்போது மெக்சிக்கோவுடன் போர் நடந்துகொண்டிருந்தது. படையில் சேர்ந்ததற்காக அவருடைய சமயக் குழு அவரை விலக்கி வைத்தது. குவேக்கர் அடையாளத்தை இழந்தாலும், அப்பிரிவின் பழக்கங்களை அவர் கைவிடவில்லை என்பது பிற்கால வாழ்விலிருந்து தெரிகிறது.

பெர்ரி, ஈரி, கம்பர்லாந்து ஆகிய கப்பல்களில் சில ஆண்டுகள் பணியாற்றினார். கப்பல் மருத்துவரிடம் இருந்த மருந்துப் பெட்டியே நடுக்கடலில் நூற்றுக்கணக்கான மாலுமிகளுக்கு ஒரே நம்பிக்கை. அப்பெட்டிக்கான மருந்துகளைக் கடற்படை யார் குறைந்த விலைக்குத் தருகிறாரோ அவரிடமே வாங்கியது. விளைவாக, தூளில் மரத்தூளும் மாவும் கலந்திருப்பதும், வீரியம் போன சாறுகளும் உளுத்துப்போன வேர்களும் வந்து சேர்வதும் வழக்கமாக இருந்தன. இறக்குமதி மருந்துகளில் கலப்படத்தைத் தடுக்க 1848 இல் நாடாளுமன்றம் சட்டமொன்றை இயற்றியது; ஆயினும் அது துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குக்கு மட்டுமே பொருந்தியது. உள்நாட்டில் கலப்பவரை அது தொடவில்லை.

கெட்டுப்போன மருந்துகளை ஸ்குவிப் கப்பலிலிருந்து கடலில் வீசியெறிந்தார் என்னும் கதை அவரைப் பற்றிய எழுத்துகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. அது நடந்ததோ இல்லையோ, கரை திரும்பியபின் அவர் செய்தது அதைவிடப் பயனுள்ளது: மருந்துகளின் நிலை குறித்து மேலிடத்துக்கு விடாமல் எழுதினார், கடற்படை தனக்கு வேண்டிய மருந்தைத் தானே தயாரிக்க வேண்டும் என்று வாதிட்டார். 1851 இல் புரூக்ளின் கடற்படை மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட அவருக்கு அதற்கான வாய்ப்புக் கிட்டியது. பெஞ்சமின் பிராங்ளின் பாச் என்பவரின் தலைமையில் அங்கு கடற்படை ஆய்வகம் அமைக்கப்பட்டபோது ஸ்குவிப் அதன் துணை இயக்குநரானார். பாச், அறிவியலாளரும் அரசியலாளருமான பெஞ்சமின் பிராங்ளினின் வழித்தோன்றல் ஆவார். 1852 இல் ஸ்குவிப் கரோலின் லவுண்ட்ஸ் குக் என்பவரை மணந்தார்.

ஈதரின் சிக்கல்

ஆய்வகத்தில் ஸ்குவிப் முதன்மையாகக் கவனம் செலுத்திய பொருள் ஈதர். அவருடைய பணியை விளங்கிக்கொள்ள அப்பொருளின் இயல்பைச் சற்று அறிந்துகொள்வது தேவை.

மதுசாரத்தையும் (எத்தனால்) கந்தக அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கினால், ஏறத்தாழ 130 முதல் 140 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஈதர் ஆவியாக வெளிவருகிறது. மதுசாரத்தின் இரண்டு மூலக்கூறுகள் ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஒன்றிணைகின்றன; அமிலம் ஊக்கியாக நிற்கிறது. வெப்பம் குறைந்தால் மதுசாரம் மாற்றமுறாமல் ஈதருடன் சேர்ந்தே ஆவியாகிவிடும். வெப்பம் மிகுந்தால் எத்திலீன் வாயுவும் கந்தக டைஆக்சைடும் எண்ணெய் போன்ற கழிவுகளும் உண்டாகும். ஆகவே நல்ல ஈதருக்கும் கெட்ட ஈதருக்கும் இடையில் இருந்தது சில பாகை வெப்ப வேறுபாடே.

அக்காலத்தில் ஈதரை வடித்தவர்கள் கண்ணாடி வாலையையோ ஈய வாலையையோ கரியடுப்பின் மேல் வைத்தே சூடேற்றினர். அடுப்பின் வெப்பத்தை ஒரே நிலையில் நிறுத்துவது எவருக்கும் இயலாத காரியம். காலையில் வடித்ததும் மாலையில் வடித்ததும் ஒன்றுபோல் அமையவில்லை. மேலும், அருகில் நெருப்பு இருந்ததே பெரிய இடர். ஈதர் 34.6 பாகை செல்சியசில், அதாவது மனித உடலின் வெப்பத்திலேயே கொதிக்கக் கூடியது. அதன் ஆவி காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு எடையுள்ளது; எனவே மேலெழுந்து கலைந்துவிடாமல் தரையோடு தவழ்ந்து சென்று தொலைவில் உள்ள அடுப்பையோ விளக்கையோ எட்டித் தீப்பற்றும்.

இவ்வாறு உண்டான ஈதரில் மதுசாரம், நீர், அமிலம் ஆகியன கலந்திருந்தன. அறுவை அறையில் இதன் பொருள் என்ன என்பதை எண்ணிப் பார்க்கலாம். அக்காலத்தில் ஆவியின் அளவைக் கூறும் கருவி ஏதும் இல்லை. கடற்பஞ்சிலோ கூம்பாக மடித்த துணியிலோ ஈதரை ஊற்றி நோயாளியின் மூக்கருகே பிடிப்பர். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதற்கு மருத்துவரின் முந்தைய அனுபவமே அளவுகோல். மதுசாரமும் நீரும் மிகுந்த ஈதரில் பழகிய கை, தூய ஈதர் கிடைத்த நாளில் நோயாளியின் மூச்சை நிறுத்திவிடக் கூடும். தூய ஈதரில் பழகிய கைக்குக் கலப்பு ஈதர் கிடைத்தால் நோயாளி பாதி அறுவையில் விழித்துக்கொள்வார். அமிலம் கலந்தது தொண்டையைக் கரித்து இருமலையும் மூச்சுத் திணறலையும் தந்தது. மருத்துவர் பலர் இவற்றை நோயாளியின் உடல்வாகு என்றே கருதினர். குற்றம் புட்டியில் இருக்கலாம் என்று ஐயுற்றவர்கள் சிலரே. ஸ்குவிப் அவர்களுள் ஒருவர்.

நீராவி வாலை

1854 அளவில் ஸ்குவிப் கண்ட தீர்வு, அடுப்பை அகற்றிவிட்டு நீராவியால் சூடேற்றுவது. அமிலமும் மதுசாரமும் உள்ள கலத்தினுள் ஈயக் குழாய்ச் சுருள் ஒன்றை அமைத்து, அதனூடே அழுத்தம் ஏற்றிய நீராவியைச் செலுத்தினார். நிறைநீராவியின் வெப்பநிலை அதன் அழுத்தத்தால் முடிவாகிறது. அழுத்தத்தை நிலையாக வைத்தால் வெப்பநிலையும் நிலையாக நிற்கும். ஆக, அடுப்பின் சுடரைக் கண்ணால் பார்த்துக் கணித்த வேலை, ஒரு திருகு அடைப்பானைச் சரிசெய்யும் வேலையாக மாறியது. கொதிகலனைத் தொலைவில் வைக்க முடிந்ததால் ஈதர் ஆவிக்கும் நெருப்புக்கும் இடையிலான தொடர்பும் அறுந்தது. ஒரே மாற்றத்தால் தரமும் பாதுகாப்பும் சேர்ந்து கிடைத்தது இம்முறையின் சிறப்பு ஆகும்.

ஈதர் வெளியேறும் அதே வேகத்தில் புதிய மதுசாரம் கலத்தினுள் இடைவிடாது விடப்பட்டது. வெளிவந்த ஆவி காரக் கரைசல் வழியாகச் செலுத்தப்பட்டு, அதிலிருந்த அமிலம் நீக்கப்பட்டது. பின்னர் மதுசாரமும் நீரும் பிரிக்கப்பட்டு, ஈதர் குளிர்விக்கப்பட்டுச் சேகரிக்கப்பட்டது. இன்றைய வேதிப் பொறியியல் மாணவர் இதனைத் தொடர் செயல்முறை என்று உடனே அடையாளம் காண்பார்.

இக்கருவிக்குக் காப்புரிமை பெற்றிருந்தால் ஸ்குவிப் பெரும் செல்வராகியிருக்கலாம். ஆனால் மருத்துவர் ஒருவர் நோயாளியின் நலனுக்குரிய அறிவை மறைத்து வைப்பதோ அதற்கு வரி விதிப்பதோ தகாது என்பது அவர் கொள்கை. 1856 இல் அமெரிக்க மருந்தியல் இதழில் தம் கருவியையும் இயக்கும் முறையையும் விரிவாக வெளியிட்டார். அவருடன் பிற்காலத்தில் போட்டியிட்ட உற்பத்தியாளர்களுக்கும் அக்கட்டுரையே வழிகாட்டியாக அமைந்தது. இதற்காக அவர் பின்னர் வருந்தியதாகத் தெரியவில்லை.

புட்டியினுள் நிகழும் மாற்றம்

தூய ஈதரை வடித்துவிடுவதால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. ஈதர் சேமிப்பில் மாறும் பொருள். காற்றிலுள்ள ஆக்சிசனும் வெளிச்சமும் படும்போது அதில் மெல்ல மெல்லப் பெராக்சைடுகள் உண்டாகின்றன. அசிட்டால்டிகைடும் அசிட்டிக் அமிலமும் தோன்றுகின்றன. இவை மூச்சுக்குழாயை எரிச்சலூட்டுபவை. மேலும் பெராக்சைடு சேர்ந்த பழைய ஈதரை வற்றும்வரை காய்ச்சினால் அடியில் தங்கும் எச்சம் வெடிக்கும். வேதியியல் ஆய்வகங்களில் இது இன்றும் எச்சரிக்கையுடன் கற்பிக்கப்படுகிறது. பாதி காலியான புட்டியே மிகவும் ஐயத்துக்குரியது. ஏனெனில் அதில் ஈதருக்கு மேலே காற்று நிறைந்திருக்கிறது.

இவ்வினைகளின் முழு விளக்கம் ஸ்குவிப்பின் காலத்துக்குப் பின்னரே கிடைத்தது. ஆயினும் வைத்திருந்த ஈதர் புளிப்பேறும் என்பதும், திறந்த கலத்தை நெடுநாள் வைத்திருக்கக் கூடாது என்பதும் நடைமுறையில் தெரிந்திருந்தன. ஸ்குவிப் நிறுவனத்தின் ஈதர், காற்றும் ஒளியும் புகாதவாறு ஈயப்பற்று இட்டு மூடிய சிறு தகரக் கலன்களில் விற்கப்பட்டமைக்கு இதுவே காரணம். ஓர் அறுவைக்கு ஒரு கலன் திறப்பது, மிஞ்சியதை அடுத்த நோயாளிக்கு வைத்திருக்காமல் இருப்பது என்னும் வழக்கம் சிறு கலன்களாலேயே இயன்றது. உலோகங்களுள் செம்பு பெராக்சைடு உண்டாவதைத் தடுக்கிறது என்பது இருபதாம் நூற்றாண்டில் அறியப்பட்டபின், அந்நிறுவனம் கலன்களின் உட்புறத்தில் செம்புப் பூச்சு இட்டது.

குளோரோபார்மின் கதை இதற்கு நேர்மாறானது. கற்போருக்குச் சற்று வியப்பளிப்பதும்கூட. ஈதரில் மதுசாரம் வேண்டாத கலப்பு. குளோரோபார்மிலோ சிறிதளவு மதுசாரம் இருந்தாக வேண்டும். முற்றிலும் தூய்மையாக்கப்பட்ட குளோரோபார்ம் ஒளியும் காற்றும் பட்டால் சிதைந்து ஐதரோகுளோரிக் அமிலத்தையும், பின்னாளில் முதலாம் உலகப் போரில் நச்சு வாயுவாகப் பயன்பட்ட பாஸ்ஜீனையும் தோற்றுவிக்கிறது. ஏறத்தாழ ஒரு விழுக்காடு மதுசாரம் சேர்த்தால் இச்சிதைவு வெகுவாகத் தடுக்கப்படுகிறது. ஆகவே தூய்மை வேறு, நிலைத்தன்மை வேறு. ஒரு மருந்துக்குப் பகையாக இருந்த பொருளே மற்றொன்றுக்குக் காவலாக அமைந்தது. குளோரோபார்மையும் உற்பத்தி செய்த ஸ்குவிப், ஒவ்வொரு மயக்க மருந்துக்கும் தனித்தனி அளவுகோல் வேண்டும் என்று வலியுறுத்தியதில் வியப்பில்லை.

மயக்க மருந்துகள் சிரைவழி செலுத்தப்படும் காலத்திலும் இச்சிக்கல் மறையவில்லை. 1934 இல் பயன்பாட்டுக்கு வந்த தயோபென்டால் கரைசலாக நெடுநாள் நிலைக்காது. எனவே சோடியம் கார்பனேட்டுடன் சேர்ந்த உலர்தூளாக அடைக்கப்பட்டு, வேண்டும்போதே கரைக்கப்பட்டது. கரைசல் காரத்தன்மை கொண்டது. அமிலத்தன்மையுள்ள வேறு மருந்தோடு ஒரே ஊசியில் கலந்தால் வீழ்படிவாகிவிடும். இரண்டு மருந்துகளும் தனித்தனியே குறையற்றவையாக இருந்தும் கலந்தபின் பயனற்றுப் போகும் இந்நிலை, ஸ்குவிப் எழுப்பிய கேள்வியின் தொடர்ச்சியே.

புரூக்ளின் ஆய்வகமும் தீ விபத்தும்

கடற்படையில் ஸ்குவிப்பின் ஊதியம் அவர் பணிக்கு ஏற்றதாக இருக்கவில்லை. ஊதிய உயர்வு கேட்டுக் கிடைக்காததால் 1857 இல் பதவி விலகினார். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் இருந்த வேதிப்பொருள் ஆலை ஒன்றில் ஏறத்தாழ ஓராண்டு பங்காளியாக இருந்தார். பின்னர், அமெரிக்கத் தரைப்படையின் மருந்துக் கொள்முதல் அதிகாரி ரிச்சர்ட் சாட்டர்லீ அளித்த ஊக்கத்தால் புரூக்ளினுக்குத் திரும்பி, 1858 இல் பர்மன் தெருவில் சொந்த ஆய்வகத்தைத் தொடங்கினார். தொடங்கக் கடன் வாங்க வேண்டியிருந்தது. தரைப்படை வாங்கிக்கொள்ளும் என்னும் நம்பிக்கையே அவருடைய முதல்.

சில மாதங்களே கழிந்த நிலையில், 1858 டிசம்பர் 29 அன்று ஆய்வகத்தில் பெருந்தீ ஏற்பட்டது. உதவியாளர் ஒருவரின் கையிலிருந்து ஈதர் புட்டி தவறி விழுந்து உடைந்தது. ஆவி உடனே பற்றிக்கொண்டது. வெளியேற வழியிருந்தும் ஸ்குவிப் தம் குறிப்பேடுகளையும் தாள்களையும் காப்பாற்ற முயன்றார். முகமும் கைகளும் கடுமையாக வெந்தன. உயிர் பிழைப்பாரா என்பதே பல நாட்கள் ஐயமாக இருந்தது. பிழைத்தார், ஆனால் கண்ணிமைகள் தீய்ந்துபோயிருந்தன. அதன்பின் வாழ்ந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஒவ்வோர் இரவும் கண்களை மூடி ஒட்டியே உறங்க வேண்டியிருந்தது. கைகளில் வடுக்கள் நிலைத்தன.

நெருப்பை வாலையிலிருந்து நீக்கியவரே ஈதர் தீயால் இவ்வாறு பாதிக்கப்பட்டது நோக்கத்தக்கது. அவருடைய கருவியில் பிழையேதும் நேரவில்லை. வடித்து முடிந்து புட்டியில் இருந்த ஈதரே தீக்குக் காரணமாயிற்று.

தொழில் அத்துடன் முடிந்தது என்றே பலர் எண்ணினர். புரூக்ளின், நியூயார்க் மருத்துவர்கள் அவருக்காகத் தங்களுக்குள் பணம் திரட்டினர். அதை நன்கொடையாக ஏற்க மறுத்த ஸ்குவிப், கடனாகவே பெற்றுக்கொண்டு பின்னர் திருப்பிச் செலுத்தினார். 1859 இல் ஆய்வகம் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

உள்நாட்டுப் போரில்

1861 இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, வடபகுதிப் படையின் மருந்துத் தேவை முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பெருகியது. ஸ்குவிப் 1862 இல் டவுட்டி தெருவில் பெரிய ஆலையைக் கட்டினார். ஈதர், குளோரோபார்ம், கொயினா, அபினிச் சாறுகள் முதலியன அங்கிருந்து படைக்கு அனுப்பப்பட்டன. களத்தில் எடுத்துச் செல்வதற்கென இவர் அமைத்த மருந்துப் பெட்டி, அமெரிக்கப் போர் மருத்துவ வரலாற்றில் இவர் பெயராலேயே வழங்குகிறது. ஏறத்தாழ ஐம்பது வகை மருந்துகளும் சில கருவிகளும் அடங்கிய அப்பெட்டிகள் கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றிச் செல்லப்பட்டன. குலுங்கினாலும் உடையாமல், வெயிலிலும் மழையிலும் கெடாமல் மருந்து போய்ச் சேர வேண்டும் என்னும் தேவை கப்பல் அனுபவம் உள்ள அவருக்குப் புதிதல்ல.

இப்போரில் மயக்க மருந்தின்றிக் கை கால்களை அறுத்தனர் என்னும் கருத்து பொதுமக்களிடையே நிலவுகிறது. அது சரியன்று. வடபகுதிப் படையின் மருத்துவ வரலாற்றில் மருந்தின் வகை குறிக்கப்பட்ட 8,900 அறுவைகளுள் 6,784 குளோரோபார்ம் கொண்டும், 1,305 ஈதர் கொண்டும், 811 இவ்விரண்டின் கலவை கொண்டும் செய்யப்பட்டன. இவற்றில் மயக்க மருந்தால் நேர்ந்ததாகக் கொள்ளப்பட்ட இறப்புகள் 43. அவற்றுள் 37 குளோரோபார்மைச் சார்ந்தவை. விளக்கொளியிலும் கூடாரத்திலும் எரியாத மருந்தே வசதியானது என்பதாலும், குறைந்த அளவே போதும் என்பதாலும் களத்தில் குளோரோபார்ம் முந்தியது. நிலையான மருத்துவமனைகளில் ஈதர் கூடுதலாகப் பயன்பட்டது.

மருந்துத் தரநூலும் சட்டமும்

போருக்குப் பின் ஸ்குவிப்பின் நாட்டம் தம் ஆலைக்கு வெளியே திரும்பியது. ஒருவர் மட்டும் நல்ல ஈதர் செய்வதால் பயனில்லை. நல்லது எது என்பதை நாடு முழுவதற்கும் பொதுவாக வரையறுக்க வேண்டும் என்று கருதினார். 1820 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்பட்டு வந்த ஐக்கிய அமெரிக்க மருந்துத் தரநூல் இதற்கு உரிய இடம். அதன் திருத்தப் பணியில் பங்கேற்ற ஸ்குவிப், பத்தாண்டு இடைவெளி மிக நீண்டது என்றும் சோதனை முறைகள் போதா என்றும் குறை கூறினார். அப்பொறுப்பை அமெரிக்க மருத்துவச் சங்கம் நேரடியாக ஏற்க வேண்டும் என்னும் திட்டத்தை 1876 இல் முன்வைத்தார். மருந்தாளர்கள் இதைத் தங்களை ஒதுக்கும் முயற்சி என எதிர்த்தனர். மருத்துவர்களோ அக்கறை காட்டவில்லை. 1877 இல் சங்கம் அதனை நிராகரித்தது. இரு தரப்பையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொள்ளும் திறமை அவருக்கு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. தாம் சரியென்று கண்டதில் சிறிதும் விட்டுக்கொடுக்காதவர். கூட்டங்களில் நெடிய உரைகளால் பலரைச் சலிப்படையச் செய்தவர்.

1879 இல் உணவு, மருந்துக் கலப்படத்தைத் தடுக்கும் சட்ட முன்வரைவு ஒன்றைத் தயாரித்தார். 1881 இல் நியூயார்க், நியூ செர்சி மாநிலங்கள் இயற்றிய சட்டங்களுக்கு இது அடிப்படையாக அமைந்தது. நாடு முழுவதற்குமான சட்டமே அவர் நோக்கம். அது அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை. தூய உணவு மற்றும் மருந்துச் சட்டம் 1906 இல், அவர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின்னரே இயற்றப்பட்டது.

தரநூல் முயற்சி தோற்றபின் 1882 இல் தம் புதல்வர்கள் எட்வர்டு, சார்லஸ் ஆகியோருடன் சேர்ந்து எபமெரிஸ் என்னும் இதழைத் தொடங்கினார். மருந்துகள், அவற்றைச் சோதிக்கும் முறைகள், தரநூலின் குறைகள் ஆகியவற்றைப் பற்றிப் பெரும்பாலும் தாமே எழுதினார். சொந்த ஆலையின் பொருள்களில் கண்ட குறைகளையும் அதில் எழுதத் தயங்கவில்லை.

இறுதிக் காலம்

1892 இல் புதல்வர்களைப் பங்காளிகளாகச் சேர்த்தபின் நிறுவனம் ஈ. ஆர். ஸ்குவிப் அண்ட் சன்ஸ் என்னும் பெயர் பெற்றது. அசிட்டோன் தயாரிப்பு உள்ளிட்ட ஆய்வுகளில் முதுமையிலும் ஈடுபட்டிருந்தார். 1900 அக்டோபர் 25 அன்று புரூக்ளினில் தமது 81 ஆம் வயதில் காலமானார்.

புதல்வர்கள் 1905 இல் நிறுவனத்தைத் தியோடர் வெய்க்கர், லோவெல் பால்மர் ஆகியோரிடம் விற்றனர். புதிய உரிமையாளர்கள் அதைப் பெரிதாக வளர்த்தனர். ஈதர், 1950களில் எரியாத ஆலோத்தேன் வந்தபின் அறுவை அறைகளிலிருந்து படிப்படியாக விலகியது. 1989 இல் ஸ்குவிப் நிறுவனம் பிரிஸ்டல் மயர்ஸ் நிறுவனத்துடன் இணைந்து பிரிஸ்டல் மயர்ஸ் ஸ்குவிப் ஆனது.

ஒன்றோடொன்று கலக்காத இரண்டு நீர்மங்களைப் பிரிக்க வேதியியல் ஆய்வகங்களில் பயன்படும் பேரிக்காய் வடிவப் பிரிபுனலும் ஸ்குவிப் புனல் என்றே அழைக்கப்படுகிறது. நீர்க் கரைசலிலிருந்து பொருள்களை ஈதரால் பிரித்தெடுக்கும் பயிற்சியில் மாணவர்கள் பெரும்பாலும் கையாள்வது இதனையே.